சலித்தெடுத்த நோயாளிகளை நம்பிய ஒரு ஸ்கேன்

மறதி நோயின் வகையை அறிய மூளையைத்தான் படம் பிடிக்க வேண்டும் என்பதில்லை, இதயத்தைப் படம் பிடித்தாலே போதும் என்கிற வாதத்துக்குச் சில ஆண்டுகளாகச் செல்வாக்கு கூடிவருகிறது. மறதி நோயின் ஒரு வகையான லூயி உடல் டிமென்ஷியாவின் 2005 வரையறையில் வெறும் துணைச் சான்றாக இருந்த, இதயத்தைப் படம் பிடிக்கும் எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன், 2017-இல் திருத்தப்பட்ட பன்னாட்டு வரையறையில் நோயைச் சுட்டும் முதல்தரச் சான்றாக உயர்த்தப்பட்டது. அந்த உயர்வு அவசரமானது என்றே நான் கருதுகிறேன்.

ஸ்கேனின் அடிப்படை அருமையானது. அதை மறுக்க முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் வீலண்ட் குழு உருவாக்கிய எம்.ஐ.பி.ஜி. என்ற மருந்து, பரிவு நரம்புகள் பயன்படுத்தும் நார்அட்ரினலினைப் போன்ற அமைப்புடையது. அதனால் பரிவு நரம்பின் முனைகள் இதையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மருந்தோடு இணைத்த அயோடின்-123 வெளிவிடும் கதிரைக் காமா கேமரா படமாக்குகிறது. ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் ஒரு படம், மூன்று நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம். இதயப் பகுதியில் பதிவாகும் கதிர் எண்ணிக்கையை நெஞ்சின் நடுப்பகுதி எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும்; நரம்பு முனைகள் குறைந்தால் அதுவும் குறையும். லூயி உடல் நோயில் இதயத்துக்கு வரும் பரிவு நரம்புகள் அழிகின்றன, அல்சைமரில் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன என்பதை ஜப்பானில் சதோஷி ஒரிமோ போன்றவர்கள் திசு ஆய்விலேயே காட்டிவிட்டார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நரம்பு முனை காலியாக இருக்கிறது என்று மட்டுமே இந்த ஸ்கேன் சொல்லும். ஏன் காலியானது என்று சொல்லாது. நெடுநாள் நீரிழிவு அதைக் காலியாக்கும். மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் காலியாக்கும். மனச்சோர்வுக்குத் தரும் டிரைசைக்ளிக் மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்குத் தரும் லேபட்டலாலும் நரம்பு நன்றாக இருக்கும்போதே எம்.ஐ.பி.ஜி. உள்ளே போகாமல் தடுத்துவிடும்.

இதே ஸ்கேனின் இன்னொரு புகழையும் பாருங்கள். 2010-இல் வெளியான அட்மையர்-எச்எஃப் ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ள 961 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 760 பேருக்கு விகிதம் 1.6-க்குக் கீழே இருந்தது. அவர்களுக்கு இதயத்தால் வரும் ஆபத்து அதிகம் என்பதே ஆய்வின் முடிவு. லூயி உடல் நோயைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. இதய மருத்துவரின் அறையில் ‘இதயம் தளர்ந்திருக்கிறது’ என்று பொருள்படும் குறைந்த விகிதம், நரம்பியல் மருத்துவரின் அறையில் ‘லூயி உடல் நோய்’ என்று வாசிக்கப்படுகிறது. இரண்டு அறைகளுக்கும் போய்வரும் முதியவரின் படத்தை எப்படி வாசிப்பது?

அந்த விகிதமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கேமராவின் முன்னால் பொருத்தும் கோலிமேட்டர் மாறினால் எண் மாறும். குறைந்த ஆற்றல் கோலிமேட்டரில் 1.6 என வருவது, நடுத்தர ஆற்றல் கோலிமேட்டரில் ஏறக்குறைய 2-ஐத் தொடலாம். கனசாவாவில் கெனிச்சி நகாஜிமாவின் குழு இதற்குத் திருத்தக் கணக்கு வகுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் தீரும், எனவே இதோடு விடுகிறேன்.

தீராதது நோயாளித் தேர்வுதான். ஜப்பானிய பன்மைய ஆய்வு 2015-இல் தந்த கணக்கு இது: லூயி உடல் நோய் உள்ளவர்களில் 69 சதவீதத்தினரை ஸ்கேன் கண்டுபிடித்தது, அல்சைமர் உள்ளவர்களில் 89 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. நல்ல எண்கள்தான். ஆனால் இத்துறையின் ஆய்வுகள் இதய நோயும் நீரிழிவு நரம்புச் சிதைவும் உள்ளவர்களை வழக்கமாக முன்னமே ஒதுக்கிவிடுகின்றன. ஸ்கேனை ஏமாற்றக்கூடியவர்களை வெளியே நிறுத்திவிட்டு, ஸ்கேன் ஏமாறவில்லை என்று அறிவிப்பது நியாயமான சோதனை ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 முதியவர்களில் 40 பேருக்கு லூயி உடல் நோய் என்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன எண்களின்படி 28 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். மீதி 160 பேரில் 18 பேர் தவறாகச் சிக்குவார்கள். நீரிழிவும் இதய நோயும் மலிந்த இடத்தில் 89 என்பது 70-ஆக இறங்கினால் தவறாகச் சிக்குவோர் 48. ‘நோய் உண்டு’ என்று ஸ்கேன் சொல்லும் 76 பேரில் 48 பேருக்கு அந்த நோயே இராது.

இந்தக் குழப்பங்களைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2017 வரையறையும் சொல்கிறது என ஆதரவாளர்கள் பதில் தருவார்கள். உண்மைதான், சொல்கிறது. ஆனால் அதே வரையறைதான் டிமென்ஷியாவோடு இந்த ஒரு சான்று இருந்தாலே, மாயக்காட்சியோ விறைப்போ எதுவும் இல்லாவிட்டாலும், ‘இருக்கக்கூடிய’ லூயி உடல் நோய் என்று எழுத அனுமதிக்கிறது. விழிப்புநிலை ஏறி இறங்கும் அறிகுறி ஒன்று சேர்ந்தால் ‘பெரும்பாலும் உறுதி’ என்றே எழுதலாம். வேறு காரணங்களாலும் முதுமையில் விழிப்பு ஏறி இறங்குவது உண்டு. எச்சரிக்கை ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலும் இருந்தால், அவசரத்தில் இருக்கும் மருத்துவர் அதிகாரத்தையே கையில் எடுப்பார்.

அப்படி எழுதப்படும் பெயர் நோயாளியோடு ஒட்டிக்கொள்கிறது. அவருக்கு எந்த மருந்தைத் தவிர்ப்பது, வருங்காலத்தில் எதை எதிர்பார்ப்பது என்று குடும்பம் முடிவெடுப்பது அந்தப் பெயரை வைத்துத்தான். பிரேதப் பரிசோதனையோடு ஒப்பிட்ட ஆய்வும் ஜப்பானில் வந்திருக்கிறது, அதுவும் ஸ்கேனுக்குச் சாதகமானதே. ஆனால் அது சிலபத்துப் பேரை ஒரே மருத்துவமனையில் பார்த்த ஆய்வு. நீரிழிவு மிகுந்த நம் ஊர் போன்ற இடங்களுக்கு அந்த எண்களை அப்படியே கொண்டுவர முடியாது.

யாரையும் ஒதுக்காமல், மறதி என்று வரும் எல்லா முதியவர்களையும் சேர்த்து ஓர் ஆய்வு நடக்க வேண்டும். அதுவரை எம்.ஐ.பி.ஜி. துணைச் சான்றாகவே இருக்கட்டும். ஸ்கேன் அறிக்கை எழுதுவோர் விகிதத்தின் பக்கத்திலேயே நோயாளியின் நீரிழிவு, இதய வரலாறு, உட்கொள்ளும் மருந்துகள், கேமராவின் கோலிமேட்டர் ஆகிய நான்கையும் கட்டாயம் எழுத வேண்டும். இவை இல்லாத அறிக்கையை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட நரம்பியல் மருத்துவர்கள் மறுக்க வேண்டும்.