பாண்டியம்மாவின் கோல்

‘பிகில்’ (2019) படத்தின் கடைசி ஆட்டத்தில் பயிற்சியாளராக வரும் விஜய், பாண்டியம்மா என்ற வீராங்கனையை ‘குண்டம்மா’ என்று திரும்பத் திரும்பக் கத்தி அழைக்கிறார். அவமானத்தில் கொதித்துப்போய் அவள் கோல் அடிக்கிறாள். அவளுக்குள் இருந்த ஆற்றலை வெளியே கொண்டுவரவே அப்படித் திட்டினாராம். இதிலுள்ள உருவக்கேலியைப் படம் வந்தபோதே பலர் கண்டித்துவிட்டார்கள். எனக்கு உறுத்துவது இன்னொன்று. கால்பந்து 90 நிமிட ஆட்டம். நடுக்களத்தில் ஆடுகிறவர் அதற்குள் சுமார் 10 கிலோமீட்டர் ஓடிவிடுவார். இறுதிப் போட்டிவரை வந்த அணியில் இடம்பிடித்த ஒருத்தியின் இதயமும் நுரையீரலும் தொடைகளும் எத்தனை நாள் உழைப்பில் உருவாகியிருக்கும்! படத்துக்கு அதில் ஆர்வமில்லை. அவளுடைய தகுதியை ஓர் ஆண் மூட்டிவிட்ட கோபத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

நம் சினிமாவுக்குப் பெண்ணுடம்பில் ஒல்லி, குண்டு என்று இரண்டு நிலைகள்தான் தெரியும். கண்ணால் பார்த்தே அளந்துவிடுகிறது. ஆனால் நோயில்லாமல் இருப்பது ஒரு நிலை. அன்றாட வேலைகளைச் செய்து முடிக்க முடிவது இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகும் விளையாடவோ, ஓர் ஆபத்தில் ஓடவோ உடம்பில் தெம்பு மிச்சமிருப்பது அதற்கும் மேலே. உடற்கல்விப் புத்தகங்கள் உடல்தகுதி என்று சொல்வது இந்த மிச்சத்தைத்தான்.

‘இஞ்சி இடுப்பழகி’ (2015) இதை ஓரளவு நெருங்கிய படம். அனுஷ்கா எடையைக் கூட்டிக்கொண்டு நடித்தார். அவசர அவசரமாக இளைக்கவைக்கும் நிலையங்கள் உடம்பைக் கெடுப்பதைக் காட்டியது. ஒல்லியும் ஆரோக்கியமும் ஒன்றல்ல என்று 2015இல் ஒரு வணிகப் படம் சொன்னதே பெரிய காரியம். ஆனால் கதை பெண் பார்க்கும் படலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் உடம்பு சரியானதுதான் என்று நாம் ஒப்புக்கொள்வதற்கு ஒருவன் அவளைக் காதலிக்க வேண்டியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குமா, இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது, எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதெல்லாம் கதைக்கு வேண்டாதவை.

வேண்டாதவையா? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையுள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அரிசிச் சோற்றில் எடை ஏறும், இரும்புச்சத்து ஏறாது. ‘நல்லா கொழுகொழுன்னு இருக்கே, உனக்கென்ன’ என்று ஊர் கேட்கும் பெண்ணுக்குத்தான் சாயங்காலமானால் தலைசுற்றுகிறது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் உடல் நிறை குறியீடும் இந்த இடத்தில் கைகொடுக்காது. பெல்ஜியத்துக்காரரான கெத்தலே 19ஆம் நூற்றாண்டில் மக்கள்கூட்டத்தின் சராசரியை அறியப் போட்ட கணக்கு அது. தனி ஒருத்தியின் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

இந்தச் சமயத்தில் யாராவது ஒருவர், “வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே” என்பார். (சொல்பவர் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார்.) வீட்டு வேலையும் உடலுழைப்புதான், உலக சுகாதார நிறுவனமும் அதைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு மிஞ்சுவது இடுப்புவலி. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது அதே நிறுவனம். இரண்டாவதை நம் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலியும், குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அந்த வயதில் நம்மைக் காப்பது கால்தசையின் வலு. ஆனால் பயிற்சிக்குக் களைப்பில்லாத அரைமணி நேரம் வேண்டுமே. கடைசியில் பானையில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவளுக்கு நேரமும் அப்படித்தான் வந்து சேர்கிறது.

அதனால்தான் ‘இறுதிச்சுற்று’ (2016) எனக்குப் பிடிக்கிறது, குறைகளோடும். மீன் விற்கும் மதியாக நடித்த ரித்திகா சிங் உண்மையிலேயே சண்டைக்கலை பயின்றவர். அந்தத் தோளும் காலும் பயிற்சியில் வந்தவை, கேமராவுக்கும் அது தெரிகிறது. இங்கேயும் கோபத்தைக் கிளறுகிற ஆண் பயிற்சியாளர்தான், ஆனால் பயிற்சியின் அலுப்பையும் வியர்வையையும் படம் காட்டுகிறது.

மதியைவிட அவள் அக்கா லக்ஸ்தான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும் என்று பல வருடம் குத்துச்சண்டை பழகுகிறவள் அவள். ஏழை வீட்டுப் பெண் தினமும் காலையில் ஓடப் போவதற்கு வீடு ஒப்புக்கொள்கிற காரணம் சம்பளம் ஒன்றுதான். தங்கையின் திறமையைப் பார்த்ததும் படம் அவளைப் பொறாமைக்காரி ஆக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. வேலைக்காகத் தொடங்கிய ஓட்டம் அவளுக்கு எப்போதாவது பிடித்திருந்ததா, வேலை கிடைக்காவிட்டாலும் ஓடியிருப்பாளா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.