எந்த இலத்தீன்? 'வொக்ஸ் லத்தீனா' பற்றி ஒரு மதிப்பீடு

அப்புத்தளையில் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகை, 1960களில் பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) தாய்மொழி வழிபாட்டிற்கு வழிதிறக்கும் வரை உரோமத் திருச்சபையின் வழிபாட்டுமொழி இலத்தீனே. அம்மலைநாட்டில் இன்று ஒரு தாய் தன் பிள்ளைக்கு வீட்டிலே இலத்தீன் கற்பிக்க முற்படின், முதற்பாடத்திலேயே எழும் வினா ஒன்றுண்டு: எந்த உச்சரிப்பைக் கற்பிப்பது?

வழக்குகள் இரண்டு. திருச்சபை வழக்கு இத்தாலிய ஒலியைத் தழுவியது. பத்தாம் பத்திநாதர் 1912இல் அதனை ஊக்குவித்தார். செவ்வியல் வழக்கு பண்டைய உரோமரின் ஒலியை மீட்டமைப்பது. முன்னதில் 'சிச்செரோ' என ஒலிக்கும் பெயர் பின்னதில் 'கிக்கெரோ' ஆகும். கிரேக்கர் அப்பெயரைக் ககர ஒலியால் எழுதியமை பின்னதற்குச் சான்று.

இத்தகைய சான்றுகளைத் திரட்டி ஆராயும் நூல், சிட்னி அலன் எழுதிய 'வொக்ஸ் லத்தீனா' (1965). இலக்கணிகளின் கூற்று, எழுத்துப்பிழை, யாப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவு காண்பது அதன் சிறப்பு. எனினும் அது ஆங்கிலச் செவிக்காக எழுதப்பட்டது. அதன் மாதிரிச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களே. தமிழ்ப்பிள்ளைக்கு அவ்வழி சுற்றுவழியாகும்.

குறில் நெடில் வேறுபாடு தமிழ்ப்பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தது. 'லிபெர்' எனின் நூல்; 'லீபெர்' எனின் சுதந்திரன். ஆங்கில மாணவன் முயன்று பழகும் இவ்வேறுபாட்டை, 'படு', 'பாடு' என்பவற்றை அறிந்த பிள்ளை கேட்டவுடன் உணரும். இரட்டித்த மெய்யும் அதற்குப் புதிதன்று.

இடர் எழுத்திலே உள்ளது. தந்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைப் 'பதெர்' என்றெழுதின் தகரம் மெலிந்தொலிக்கும். 'பத்தெர்' என்றெழுதின் தகரம் இரட்டித்து முதலசை நீண்டு யாப்புக் கெடும். மேலே 'கிக்கெரோ' என எழுதியதிலும் இக்குறை உண்டு. ஆதலால் தமிழ் வரிவடிவை மட்டும் நம்பிக் கற்பித்தல் பொருந்தாது; உரோம எழுத்தையும் வாய்மொழியையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

அலன் காட்டும் சான்றுகளைக் கொண்டு திருச்சபை வழக்கைப் பிழையெனத் தள்ளுதல் தகாது. அது பிற்காலத்தின் உயிருள்ள வழக்கு. வேர்ஜிலின் செய்யுளுக்குச் செவ்வியல் ஒலியும் வழிபாட்டுப் பாடலுக்குத் திருச்சபை ஒலியும் உரியன. ஒரு பாடத்துள் இரண்டையும் கலப்பதே தீங்கு.

இத்தெளிவு இலத்தீனுக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலே தோட்டத் தமிழும் பள்ளியிலே நூற்றமிழும் கேட்டு வளரும் பிள்ளையிடம், ஒன்று சரி, மற்றது கொச்சை என்போர் உளர். ஒவ்வோர் ஒலிக்கும் உரிய இடம் உண்டென இலத்தீன் வழியாக அறியும் பிள்ளை, தன் தாயின் பேச்சுக்காக நாணவேண்டியதில்லை என்பதையும் அறியும். தமிழ்ச் செவிக்கென எழுதப்படும் ஓர் இலத்தீன் நூல் இதனை முதற்பாடமாகக் கொள்ளுதல் நன்று.