ஓய்வுக்காலப் பொருளியலும் தோட்டத்து வீடும்

முதியோர் குடும்பங்கள் எவ்வாறு சேமிக்கின்றன, எவ்வாறு செலவிடுகின்றன என்னும் ஆராய்ச்சி இன்று பொருளியலில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்து நிற்கிறது. அதற்குரிய வித்து 1954-இல் ஊன்றப்பெற்றது. பிராங்கோ மொடிலியானி, ரிச்சர்ட் பிரம்பர்க் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரையே அது. மனிதன் உழைக்கும் பருவத்தில் செலவுக்கு மிஞ்சி ஈட்டுகிறான். மிச்சத்தைச் சேர்த்து வைக்கிறான். உழைப்பு ஓய்ந்தபின் அதனைச் சிறிது சிறிதாக எடுத்து உண்கிறான். ஆகவே வருவாய் ஏறினும் இறங்கினும் அவனது வாழ்வு ஏறக்குறைய ஒரே சீராக நடைபெறும் என்பது அவர்கள் கருத்து. வாழ்க்கைச் சுழற்சிக் கொள்கை என்று இதனை வழங்குவர். மொடிலியானி 1985-இல் நோபெல் பரிசு பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். எறும்பையும் தேனீயையும் காட்டி நம் ஆசிரியர்கள் சிறுவர்க்குச் சொல்லும் பாடத்தையே இக்கொள்கை கணக்கின் மொழியில் சொல்கிறது எனலாம்.

ஆயினும் உலகம் கொள்கைக்கு முழுதும் அடங்கவில்லை. பிரிட்டிஷ் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்த பேங்க்ஸ், பிளண்டெல், டானர் ஆகியோர், ஓய்வு பெற்றதும் குடும்பச் செலவு கொள்கை இடங்கொடுப்பதைவிட மிகுதியாகக் குறைகிறது என்று 1998-இல் காட்டினர். முன்னரே அறிந்த ஒரு நாளுக்காகச் சேர்த்து வைக்கத் தெரியாமல் முதியோர் தடுமாறுகின்றனரா? இந்தப் புதிருக்கு 2005-இல் அகியார், ஹர்ஸ்ட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் நல்ல விடை கூறினர். ஓய்வு பெற்றவர் உணவுக்குச் செலவிடும் பணம் குறைகிறது. ஆனால் மலிவான கடையைத் தேடவும் வீட்டில் சமைக்கவும் அவர் செலவிடும் நேரம் கூடுகிறது. தட்டில் விழும் உணவின் அளவோ தரமோ குறையவில்லை. பணத்துக்குப் பதில் நேரம் நின்று வேலை செய்கிறது. ஆகவே செலவு குறைந்ததை வறுமை வந்ததாகக் கொள்ளலாகாது என்றனர் அவர்கள்.

இந்த ஆராய்ச்சியை நான் மதிக்கிறேன். செலவு வேறு, நுகர்வு வேறு என்று பிரித்துக் காட்டியது சிறிய தொண்டு அன்று. ஆனால் இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கு ஏறிப் பார்ப்போமானால், அது தலைகீழாக நிற்பதைக் காண்போம்.

கேமரன் மலையில் தேயிலை வேரூன்றி ஒரு நூற்றாண்டு ஆகப் போகிறது. ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் எழுந்தது. காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களது வழித்தோன்றல்கள் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரங்களில் இன்றும் வாழ்கின்றனர். தோட்டத்து வாழ்வில் கூலி என்பது பணம் மட்டும் அன்று. லயத்து வீடு, குழாய்த் தண்ணீர், பிள்ளைக் கொட்டகை, மருந்தகம் ஆகியவையும் கூலியின் பகுதிகளே. தோட்ட முதலாளி இவற்றை அளிக்க வேண்டும் என்பதை 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் வலியுறுத்துகிறது. இவற்றோடு வீட்டின் பின்புறத்தில் இரண்டு பாத்தி கீரை, வேலியில் ஒரு சவ்சவ் கொடி. இவற்றுள் எதற்கும் கடைத்தெருவில் விலை கேட்க வேண்டியதில்லை.

ஓய்வு நாள் வந்ததும் நிகழ்வது என்ன? வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை நின்றால் வீடும் போகும் என்பதே மலேசியத் தோட்டங்களின் பொதுவான நெறி. நிர்வாகம் மனமிரங்கிச் சில காலம் இருக்க விடுவதுண்டு. மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் குடும்பம் அங்கேயே தொடர்வதும் உண்டு. ஆனால் அது உரிமை அன்று, இசைவு. இன்று பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டினர். தலைமுறைக்குத் தலைமுறை கைமாறிவந்த கூரை அறுந்துவிட்டது.

அமெரிக்க முதியவருக்கு ஓய்வு, நேரத்தைத் தருகிறது. அந்த நேரத்தைச் செலுத்திப் பயன் பெறச் சமையலறையையும் விட்டுவைக்கிறது. தோட்டத்து முதியவளுக்கும் ஓய்வு நேரத்தைத் தருகிறது. ஆனால் அந்த நேரத்தால் உழவேண்டிய கீரைப் பாத்தியைப் பறித்துக்கொள்கிறது. நேற்றுவரை விலையில்லாதிருந்த கூரை, தண்ணீர், கீரை ஆகிய எல்லாவற்றுக்கும் வருவாய் நின்ற அதே மாதத்தில் விலை பிறக்கிறது. அவள் செலவு குறைவதில்லை; ஏறுகிறது.

இங்கேதான் அளவுகோலின் குறை வெளிப்படுகிறது. ஒரு விதவைத் தாய் லயத்தை விட்டு நகரத்து ஓரத்தில் மாதம் 400 வெள்ளிக்கு ஓர் அறை எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கெடுப்பாளர் அவளது மாதச் செலவில் 400 வெள்ளியைக் கூட்டி எழுதுவார். செலவே நல்வாழ்வின் அளவு என்று கொள்ளும் அட்டவணையில், கூரையை இழந்த கிழவி முன்னைவிட நன்றாக வாழ்பவளாகத் தோன்றுவாள்! இலவச வீட்டுக்கும் வாடகை மதிப்பிட்டு வருவாயில் சேர்க்கும் முறை உண்டே என்று புள்ளியியலார் விடையிறுப்பர். உண்மை, அம்முறை உண்டு. ஆனால் யாரும் யாருக்கும் வாடகைக்கு விடாத மலைச்சரிவில் ஒரு லயத்து அறைக்கு எந்தச் சந்தையை வைத்து வாடகை மதிப்பிடுவது? மதிப்பிட்டாலும், மாதந்தோறும் வரும் ஒரு பயன் என்று அதனை எழுதலாமேயன்றி, ஒரு குறித்த நாளில் அது முழுதும் மறையும் என்னும் அச்சத்தை எழுத இடமில்லை. முதியோர் பலர் சேமிப்பைத் தொடாமல் வைத்திருப்பதற்கு மருத்துவச் செலவைப் பற்றிய அச்சமே பெருங்காரணம் என்று டி நார்டி, பிரெஞ்ச், ஜோன்ஸ் ஆகியோர் 2010-இல் அமெரிக்காவைக் குறித்துக் கூறினர். மலேசியாவில் அரசு மருந்தகம் மிக மலிவு. இங்கே அந்த அச்சத்தின் இடத்தில் கூரை நிற்கிறது.

இனிச் சேமிப்பைப் பார்ப்போம். ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலாயாவில் பிறந்தது. உலகின் மூத்த சேமநிதிகளுள் ஒன்று. சேமம் என்றால் நலம், காவல். மிஞ்சியதை ஒதுக்குவது என்னும் பொருள் பின்னர் வந்து ஒட்டியதே. இன்று தொழிலாளி 11 விழுக்காடும், 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுவோர்க்கு முதலாளி 13 விழுக்காடும் செலுத்துகின்றனர். 55 வயதில் பணத்தை எடுக்கலாம். ஓய்வு பெறும் குறைந்த வயதோ 2013 முதல் 60. அந்த 55 வயதில் 240,000 வெள்ளியாவது இருக்க வேண்டும் என்று வாரியம் 2019 முதல் ஓர் அடிப்படை இலக்கை வைத்திருந்தது. மாதம் 1,000 வெள்ளி, 20 ஆண்டுகள் என்பது அதன் கணக்கு.

இக்கணக்கைத் தோட்டத்தில் வைத்து உரைத்துப் பார்க்கலாம். 2013-இல் தீபகற்பத்தில் முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது அது மாதம் 900 வெள்ளி. அதில் இருவர் பங்குமாகச் சேர்வது 216 வெள்ளி. பத்தாண்டு முழுதும் ஒரு மாதமும் தவறாமல் சேர்ந்தால் 25,920 வெள்ளி. ஆண்டுதோறும் இலாபப் பங்கு சேரும் என்பதை மறுக்கவில்லை. நெடுங்காலம் கிடந்தால் அது முதலை விஞ்சியும் வளரும். ஆனால் இன்று ஓய்வு பெறுபவரது இளமைக் காலத்துக் கூலி, 900 வெள்ளிக்கும் கீழே, நாட்கணக்கிலும் எடைக்கணக்கிலும் அளக்கப்பட்டது. வட்டி வளர வேண்டிய அந்த முதல் ஆண்டுகளில்தான் முதல் மிகச் சிறிது.

தோட்டத்து மக்கள் சேமநிதியை மொத்தமாக எடுத்து ஓரிரு ஆண்டுகளில் கரைத்துவிடுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு நம் மேடைகளில் அடிக்கடி கேட்பது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் போனது சிறிதும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீடில்லாத ஒருவர் 55 வயதில் கையில் வந்த தொகையை ஒரு மலிவு வீட்டின் முன்பணமாகக் கொடுத்தால், அதனைக் கரைத்தல் என்று சொல்வது தகுமா? இங்கிலாந்துத் தொழிலாளி முப்பது ஆண்டுகளாக அடைத்த வீட்டுக் கடனை இவர் ஒரே நாளில் அடைக்கிறார், அவ்வளவே. கேமரன் மலையிலோ அதற்கும் வழி அரிது. சமநிலம் குறைவு, உள்ள நிலத்துக்குக் காய்கறிப் பண்ணையும் பயணியர் விடுதியும் போட்டியிடுகின்றன. கொழுந்து பறித்த மலையில் வீடு வாங்க இயலாமல் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்க வேண்டியிருக்கிறது.

மற்றொரு சேமிப்பு எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. பத்துப் பெண்கள் கூடி மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் கூட்டு அது. இதனைத் தொழிலாக நடத்துவதை மலேசிய அரசு 1971-இல் தடை செய்தது. தமிழாசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் அமர்ந்திருக்கிறது, சட்டத்தின் விளக்கப் பகுதியில் ‘சீட்டு’ம் இடம் பெற்றிருக்கிறது. தமிழ் சட்டப் புத்தகத்தில் ஏறிய பெருமை இவ்வாறாயிற்று! தடை செய்யப்பட்ட ஒன்றைக் கணக்கெடுப்பாளரிடம் எந்தப் பெண் சொல்வாள்? இதற்கு நேர்மாறாக, வெளிப்படையாக நிலத்தின் மேல் வைத்த சேமிப்பும் ஒன்று இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுதொகைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்க முனைந்தது. முதுமைக்கு வேண்டியது பணம் மட்டும் அன்று, காலூன்ற இடம் என்பதை அவர் பொருளியல் ஏடுகளைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

மலேசியாவின் சொந்த ஆராய்ச்சியும் இப்போது வளர்கிறது. அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய முதியோர் தொடராய்வின் வழியைப் பின்பற்றி, மலாயாப் பல்கலைக்கழகத்தின் சமூக நல்வாழ்வு ஆய்வு மையம் 2018–19-இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் முதற்சுற்று விவரம் திரட்டியது. பாராட்டத்தக்க முயற்சி. அதே மையமும் சேமநிதி வாரியமும் சேர்ந்து 2019-இல் ‘பெலாஞ்சாவான்கூ’ என்னும் குடும்பச் செலவு வழிகாட்டியை வெளியிட்டன. முதிய தம்பதியர்க்கும் அதில் கணக்கு உண்டு. ஆனால் முதற்கணக்கு கிள்ளான் பள்ளத்தாக்குக்கே போடப்பட்டது. மேலும் அப்பெயருக்கு ‘என் வரவு செலவு’ என்று பொருள். அந்த ‘என்’ என்னும் சொல்லில் எனக்குத் தயக்கம். லயத்தைவிட்டு இறங்கிய பாட்டி, மகள் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, சோற்றை மகள் கணக்கில் உண்கிறாள். கணக்கெடுப்பில் அவள் முதியோர் குடும்பம் அல்லள்; இளைய குடும்பத்தின் ஓர் உறுப்பினள். அவள் பார்த்துக்கொள்வதால் மகள் வேலைக்குப் போய் ஈட்டும் கூலி மகளது வருவாய். குடும்பம் என்னும் அலகு, இவள் ஓய்வு பெற்ற நாளிலேயே கலைந்துவிட்டது. கலைந்ததை அளக்க, கலையாததற்கென்று செய்த கோலை நீட்டுகிறோம்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. திருநெல்வேலி மாஞ்சோலையிலும் தேயிலை 1929-ஆம் ஆண்டின் குத்தகையில்தான் தொடங்கிற்று. அக்குத்தகை 2028-இல் முடிவதை முன்னிட்டு 2024-இல் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு வழங்கப்பட்டது. குடியிருப்பைக் காலி செய்யும்படியும் சொல்லப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஓய்வும் வெளியேற்றமும் ஒரே ஆண்டில் வந்தன. வீடு என்னும் சொல் ‘விடு’ என்பதன் அடியாகப் பிறந்தது, விடுதலையையும் குறிக்கும் என்று வகுப்பில் நாம் விளக்குவோம். அந்த இரு பொருளும் இவ்வாறு கைகோத்து வரும் என்று இலக்கணம் எழுதியவர் எண்ணியிருக்க மாட்டார்.

அடுத்த சுற்றுக் கேள்வித்தாளில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும் என்பது என் கருத்து. நீங்கள் வேலை பார்த்த காலத்தில் குடியிருந்த கூரை யாருடையது? எந்த மாதத்தில் அதைவிட்டு வெளியேறினீர்கள்? இந்த இரண்டையும் சேமநிதி எடுத்த மாதத்தோடு பொருத்திப் பார்த்தால், தோட்டத்து முதியோர் கரைத்தனரா, கட்டினரா என்பது தெரிந்துவிடும்.

2025 அக்டோபர் முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கும் சேமநிதி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. குறைந்தபட்சக் கூலி 1,700 வெள்ளியில் இருவர் பங்கும் சேர்ந்து மாதம் 68 வெள்ளி. கேமரன் மலையில் கூடையும் பறிப்பு இயந்திரமும் சுமப்பவர்கள் இப்போது அவர்களே. குடியிருப்பதும் தோட்டம் கொடுத்த கூரையின் கீழ்தான்.