உபாலியின் காரும் மலையகத்தின் கொழுந்தும்

உபாலி விஜேவர்தன என்றதும் நம் நாட்டில் பேச்சு ஒரு விமானத்தைப் பற்றியே எழுகின்றது. 1983 பெப்ரவரி 13ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய சொந்த ஜெட் விமானம் வழியில் மறைந்தது. அவரும் உடன் சென்ற ஐவரும் மீளவில்லை. அன்றுதொட்டு எழுந்த ஊகங்களுக்குக் கணக்கில்லை. அந்த மர்மம் அவர் செய்த தொழிலையும் விழுங்கிவிட்டது. நாம் மதிப்பிட வேண்டியது அத்தொழிலையே.

இனிப்புப் பண்டங்களில் வாணிபம் தொடங்கிய அவர், 1970களில் மஸ்டா, பியட் கார்களின் பாகங்களைத் தருவித்து, இலங்கையிலேயே பொருத்தி விற்றார். இறக்குமதி இறுகியிருந்த காலம் அது. நம் தொழிலாளியின் கையிலும் ஒரு கார் உருப்பெறும் என்று காட்டியது சிறு காரியமன்று. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் அப்பாகங்களை வாங்க அந்நியச் செலாவணி எங்கிருந்து வந்தது? அந்நாளில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் தேயிலையே முதலிடம் வகித்தது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பனியில் நனைந்து கொழுந்து கிள்ளிய விரல்களின் உழைப்பு அந்த எஞ்சினிலும் இருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளிலோ அவ்விரல்களுக்குரியவர்களின் லயங்களில் பட்டினி குடிபுகுந்தது; தோட்டங்களில் உயிர்கள் மாண்டன. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமை பல்லாயிரவருக்கு அப்போதும் திரும்பக் கிடைத்திருக்கவில்லை. இதற்கு உபாலியை நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சியைத் தனியொருவரின் கனவாக மட்டும் பாடும் கதையையே குற்றஞ்சாட்டுகிறோம்.

1977இல் பொருளாதாரக் கதவு திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அந்நிய மூலதனத்தை வரவேற்க அமைந்த பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவின் தலைமைப் பணிப்பாளராக உபாலி அமர்ந்தார். மூடிய சந்தையின் நிழலில் கார் செய்தவர் திறந்த சந்தையின் வாயிற்காவலரானார். தடைகள் தளர்ந்து அந்நியக் கார்கள் துறைமுகத்தில் வந்திறங்கும்போது, பாகம் பொருத்தும் தொழில் எதை நம்பி நிற்கும்? எஞ்சினை இங்கேயே வார்க்கும் உலையும் அதற்கேற்ற தொழிற்கல்வியும் வளராத வரையில் அத்தகைய கனவு ஒருவரோடு தோன்றி ஒருவரோடு மறையும். உபாலியின் பெருமையும் அவலமும் இம்முரணிலேயே அடங்கியுள்ளன.

நம் எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. காணாமற்போன விமானத்தைத் தேடியது போதும். அந்தக் காரின் ஆணிகளை முடுக்கிய தொழிலாளியையும், அதற்கு விலை கொடுத்த கொழுந்துக்காரியையும் நம் இலக்கியம் தேடட்டும். அவர்களையும் சேர்த்து எழுதப்படும் வரலாறே உபாலிக்கும் உரிய நீதியைச் செய்யும்.