கேட்டு நடப்பவளும் கேள்வி கேட்பவளும்

காது கொடுப்பதற்கும் வாய் திறந்து ஒன்றை வேண்டுவதற்கும் தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்தான். ஆனால் பெண் பிள்ளைகளிடம் அது இரண்டாகப் பிரிந்து வந்து சேர்கிறது. 'சொன்னதைக் கேட்டு நடக்கிற பிள்ளை' என்றால் பாராட்டு. 'எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள்' என்றால் குறை. இப்படி வளர்ந்தவள்தான் ஒருநாள் பயிற்சிக்காக மருத்துவமனை வார்டுக்குள் நுழைகிறாள். அங்கே அவளுக்குப் புதிதாக ஓர் அறிவுரை கிடைக்கிறது: 'தயங்காமல் உதவி கேட்கப் பழகு.' நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த வாக்கியம் யாரிடம் பேசுகிறது, யாரைப் பேசாமல் விடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த குலசேகரத்தில், 2023 அக்டோபரில், தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றின் முதுநிலை மாணவி உயிரை மாய்த்துக்கொண்டார். பேராசிரியர் ஒருவர்மீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு பின்னர் சிபிசிஐடி விசாரணைக்குப் போனது. குற்றத்தை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். நாம் பார்க்க வேண்டியது, இப்படி ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் நம் வாயில் முதலில் வருகிற கேள்வியை: 'அந்தப் பெண் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?' சொன்னாளா, சொன்னபோது யார் கேட்டார்கள் என்று விசாரிப்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இறந்த பிறகும் பாடம் அவளுக்குத்தான்.

வார்டில் உதவி கேட்பது எப்படி நடக்கிறது? எம்.பி.பி.எஸ். முடிப்பவர்கள், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, 12 மாதம் துறை துறையாகச் சுற்றிப் பயிற்சி பெற வேண்டும். லாக்புக்கில் மேலே இருப்பவரின் கையெழுத்து வேண்டும். முதுநிலை மாணவிக்கோ ஆய்வேட்டில் வழிகாட்டியின் கையெழுத்தும் வேண்டும். அவள் உதவி கேட்க வேண்டிய ஆளும், கையெழுத்துப் போட வேண்டிய ஆளும் பெரும்பாலும் ஒருவரே. 'சார், நரம்பு கிடைக்கவில்லை' என்று ராத்திரி இரண்டு மணிக்குச் சொல்பவளிடம், 'இதுகூடத் தெரியாமலா இங்கே வந்தாய்?' என்று பதில் வந்தால், அவள் ஊசி போடுவதைப் பற்றி மட்டும் கற்றுக்கொள்வதில்லை. இங்கே கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறாள். சின்ன உதவிக்கே திட்டு வாங்கியவள் பெரிய ஆபத்தில் அதே வாசலில் போய் நிற்பாள் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன நியாயம்?

சட்டம் இதை ஓரளவு அறிந்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சியில் இருப்பவரையும் ஊழியராகவே கணக்கிடுகிறது. அவளால் புகாரை எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை என்கிறது. விசாரணை முடியும்வரை, குற்றம் சாட்டப்பட்டவர் அவளுடைய வேலையை மதிப்பிடாமலும், கல்வி நிறுவனமானால் அவளுடைய படிப்பை மேற்பார்வை செய்யாமலும் தடுக்கலாம் என்று விதிகள் சொல்கின்றன. கையெழுத்துப் போடுகிற கையின் பலத்தைப் புரிந்துகொண்டு எழுதிய விதி இது. ஆனால் அதே சட்டம் புகாருக்கு மூன்று மாதக் கெடு வைக்கிறது. தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். இந்தப் பாதுகாப்பையும் அவள்தான் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பயத்திலிருந்து காப்பாற்றும் ஏற்பாடு, பயத்தைத் தாண்டி வந்தவளுக்கே கிடைக்கிறது.

திருக்குறளின் அதிகார வரிசை இங்கே நமக்கு உதவும். இரவும் இரவச்சமும், அதாவது இல்லாதவர் கேட்பதும் கேட்க அஞ்சுவதும், பொருட்பாலின் கடைசியில் வருகின்றன. 'கேள்வி' என்ற 42ஆம் அதிகாரமோ அரசியலில், அரசனுக்கு வேண்டிய தகுதிகளோடு இருக்கிறது. அங்கே கேள்வி என்றால் காது கொடுத்துக் கேட்பது. வள்ளுவர் அதை ஆள்பவரின் தகுதியாக வைத்திருக்க, நாம் அதைக் கீழே நிற்கிற பெண்ணின் அடக்கமாக மாற்றி வைத்திருக்கிறோம்.

எனவே அறிவுரையின் முகவரியை மாற்ற வேண்டும். பயிற்சி தொடங்கும் நாளிலேயே கல்லூரிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் உண்டு. உள்ளகக் குழுவில் யார் யார்? வெளியிலிருந்து வரும் உறுப்பினரை எப்படிப் பார்ப்பது? ராத்திரி டியூட்டியில் கூப்பிட்டால் வர வேண்டிய சீனியர் யார்? மதிப்பெண் போடாத ஒருவர், குறை கேட்பதற்கென்றே இருக்கிறாரா? புகார் நிறுவனத்தின் தலைமைமீதே என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இவற்றை மாணவிகள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் உதவி கேட்கப் பழகுவது அவர்களுடைய வேலையில் பாதிதான். மீதிப் பாதி, கேட்டவுடன் கோபப்படாமல் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டியவர்களுடையது. அவர்களுக்கு அந்தப் பயிற்சியை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இனி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.