எழுதுகிற நேரம் யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதைப் பட்டறையில் பேசப் போயிருந்தேன். வழக்கமான பேச்சுதான். படைப்பூக்கம் வானத்திலிருந்து இறங்குவதில்லை, அது ஒரு பழக்கம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்காருங்கள். ஒன்றும் வராவிட்டாலும் நோட்டைத் திறந்து வையுங்கள். இருபது வருஷமாக விடிகாலை நாலரையிலிருந்து ஆறரை வரை எழுதுகிறவன் நான் என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லி வைத்தேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார்: "உங்க வீட்டுக்குப் பால் எத்தனை மணிக்கு சார் வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதில் தெரியவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் பால் வருகிறது என்பது மட்டும் உறைத்தது.

இதை ஒரு விமர்சனக் கேள்வியாக எடுத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. பிரதி, வாசகன், ஆசிரியனின் மரணம் என்று எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஒரு பிரதி எந்த நேரத்தில் எழுதப்பட்டது, அந்த நேரம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை மட்டும் பிரதிக்கு வெளியே தள்ளிவிட்டோம். நவீனத்துவம் நமக்குத் தந்த படைப்பாளி தனியன். அன்றாடம் அவனுக்குப் பகை. ரேஷன் கடையும் குழந்தையின் காய்ச்சலும் அவன் மேதைமைக்கு விளைந்த இடையூறுகள். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் ஒரு பெண் புனைகதை எழுத ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்றார். அந்த அறையை நாம் உடனே பிடித்துக்கொண்டோம். 500 பவுண்டைப் பற்றிப் பேச்சே காணோம்.

வுல்ஃபின் அறையை அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1980இல் ஓர் உரையில் வேறு பக்கமிருந்து பார்த்தார். கலைகளில் கவிதைதான் செலவு குறைந்தது, ஷிஃப்டுகளுக்கு நடுவிலும் ரயிலிலும் கிடைத்த துண்டுத்தாளில் எழுதிவிடலாம், உரைநடைக்கோ அறையும் தாளும் அவகாசமும் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அப்படியென்றால் வடிவத்தைத் தேர்வதிலேயே வர்க்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ரேமண்ட் கார்வர் இதைத் தன் உடம்பால் அறிந்தவர். 1960களின் நடுவில், அயோவா சிட்டியில் ஒரு பொதுச் சலவை நிலையம். ஈரத்துணியோடு உலர்த்தும் இயந்திரம் காலியாகக் காத்து நிற்கிறார். தன் எழுத்தைப் பெரிதும் பாதித்தவர்கள் தன் இரண்டு பிள்ளைகள்தான் என்ற எண்ணம் அங்கே அவரைத் தாக்குகிறது. ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்கக்கூடியதைத்தான் எழுத முடிந்தது, ஆகவே சிறுகதை, ஆகவே கவிதை என்று 'ஃபயர்ஸ்' கட்டுரையில் ஒளிக்காமல் சொல்கிறார். நாம் அந்தச் சிக்கனத்துக்கு மினிமலிசம் என்று பெயர் வைத்துப் படித்தோம். (பதிப்பாசிரியர் கார்டன் லிஷ்ஷின் கத்தரிக்கும் அதில் பங்குண்டு. அதுவும் இன்னொருவர் கைதான்.)

நம் ஊருக்கு வருவோம். அசோகமித்திரன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் என்பதைப் பலரும் ஒரு செல்லக் கதைபோலச் சொல்வோம். வீட்டில் இடமில்லை என்றால் ஆண் பூங்காவுக்குப் போகலாம். துவரங்குறிச்சியில் சல்மாவுக்குக் கிடைத்த இடம் கழிப்பறை. பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர், திருமணத்துக்குப் பின் இரவில் அங்கே நின்றபடி எழுதி, தாள்களை ஒளித்து வைத்து, தாயின் மூலம் வெளியே அனுப்பியதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு 2000இல் வந்தது. பெரிய நாவலான 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல். தொகுப்பைப் பற்றி எழுதியவர்கள் உடல்மொழி, மௌனம் என்றெல்லாம் எழுதினார்கள், தப்பில்லை. தாள்களைக் கொண்டுபோன அந்தத் தாயை நாம் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக விட்டுவிட்டோம். அவரில்லாமல் பிரதியே இல்லை.

பட்டறை முடிந்து திரும்பியதும் வீட்டில் கேட்டேன். பால் ஐந்தே காலுக்கு. மணி அடிக்கக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது என்று பால் போடுகிற பையனிடம் சொல்லி, கேட்டில் ஒரு ஒயர்க்கூடை மாட்டியிருக்கிறது. யார் மாட்டியது? "நீங்க எழுதுறப்ப சத்தம் ஆகாதுல்ல," என்றாள் மனைவி. எனக்கு அவள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் கதைகளில் வரும் அந்த விடிகாலை நிசப்தத்தை ஒரு நண்பர் 'இருத்தலியல் மௌனம்' என்று எழுதியிருக்கிறார். அது ஒயர்க்கூடையின் மௌனம்.

இப்படிச் சொன்னதும் எதிர்ப்பக்கம் போய் விழுகிற ஆபத்தும் உண்டு. நெருக்கடிதான் படைப்புக்கு உரம், பஸ்ஸில் எழுது, அடுப்படியில் எழுது, இடையூறையே வரமாக்கு என்று பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு இது ஒப்பாது. கழிப்பறையில் நின்று எழுத வேண்டியிருந்தது கொடுமை. கவிதை நன்றாக வந்தது என்பதற்காகக் கொடுமை பயிற்சியாகிவிடாது.

லார்டின் வாதத்தையும் அப்படியே இங்கே ஒட்டிவிட முடியவில்லை. வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) இடிக்கிறார். குழந்தைப் பருவத்திலேயே கல்யாணம். பள்ளிப் படிப்பு இல்லை, ஆரம்பத்தில் எழுதவும் தெரியாது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பட்டம்மாள் என்ற தோழி. 1925இல் 'ஜகன்மோகினி' இதழ் அவர் கைக்கு வருகிறது; சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்துகிறார். எழுதிய நாவல்கள் 115. அவகாசம் இல்லாதவர்களின் வடிவம் கவிதை என்றால் இது எப்படி? இதழ் விடுகிற கெடு, அடுத்த இதழுக்குக் காத்திருக்கிற வாசகிகள், தொடக்கத்தில் இன்னொருத்தியின் விரல்கள் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. தனிமை இவருக்குத் தேவைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. தொடர்கதையின் நீட்டலும் திருப்பங்களும் குறையென்றே வைத்துக்கொண்டாலும், அவற்றையும் ஓர் எழுத்துமுறையின் சுவடுகளாகப் படிக்கலாம். நம் விமர்சனம் அதைச் செய்யாமல் 'குடும்ப நாவல்' என்று ஒரு முத்திரை குத்தி அலமாரியில் வைத்துவிட்டது. நானும் குத்தியவன்தான்.

பட்டம்மாளைப் பற்றித்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி சொல்ல இன்னொருத்தி எழுதும்போது வாக்கியம் எங்கே நின்றது, யார் நிறுத்தியது? வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் எதையாவது விட்டாரா, சேர்த்தாரா? "இது வேண்டாண்டி" என்று ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரா? அந்தப் பிரதியை எடுத்து, பேச்சு வேகமும் எழுத்து வேகமும் உரசுகிற இடங்களைத் தேடி யாராவது படிக்க வேண்டும். நானே உட்கார்ந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் காலை நாலரைக்கு அல்ல. ஐந்தே காலுக்குக் கூடையை எடுத்துவந்து பாலைக் காய்ச்சுகிற வேலை இப்போது என்னுடையது. அது பொங்காமல் பார்த்துக்கொண்டு எழுத எனக்கு இன்னும் வரவில்லை.