பேசத் தெரிந்தவர் முகம்

2003 செப்டம்பர். குத்துச்சண்டை வீரர் ஃபிராங்க் புரூனோ மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தியை, 'கிறுக்கு புரூனோவை அடைத்தாயிற்று' என்ற பொருளில் முதல் பக்கத்தில் போட்டது பிரிட்டனின் 'தி சன்'. வாசகர்கள் கொதித்தார்கள். அடுத்த பதிப்பிலேயே தலைப்பு மாறியது. பத்திரிகையையும் வெட்கப்பட வைக்கலாம் என்று தெரிந்தது.

அந்த வெட்கத்தை நம்பித்தான் பின்னாளில் இங்கிலாந்தில் மனநோய் மீதான இழிவை எதிர்த்த 'டைம் டு சேஞ்ச்' இயக்கம் தன்னார்வலர்களைத் திரட்டியது. மனநோயை அனுபவித்தவர்களே செய்தியாளர்களிடம் சொந்தப் பெயரோடு பேசினார்கள். இதன் வலிமை சாதாரணமானதல்ல. 2013இல் ஆஸ்டா கடை 'மனநோயாளி' வேடம் ஒன்றை இணையத்தில் விற்றது: ரத்தக்கறை படிந்த உடை, கையில் வெட்டுக்கத்தி. யாரும் கூப்பிடாமலே பலர் தங்கள் அன்றாடப் படத்தை ட்விட்டரில் போட்டு, 'என் மனநோயாளி வேடம் இதுதான்' என்றார்கள். ஆஸ்டா வேடத்தை விலக்கிக்கொண்டு 'மைண்ட்' மனநலத் தொண்டு அமைப்புக்கு 25,000 பவுண்டு கொடுத்தது. எந்த மருத்துவர் அறிக்கையும் இவ்வளவு சுருக்காக இதைச் சாதித்திருக்காது.

ஆனால் சூடு ஆறுவதற்குள், அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, மனநோயாளிகள் 1,200 பேரைக் கொன்றதாக அதே 'சன்' முதல் பக்கத்தில் அலறியது.

இங்கிலாந்து நாளிதழ்களை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதையொட்டியதே. 2008–2011 காலத்தில் பரிவான கட்டுரைகள் பெருகின, இழிவானவை குறையவில்லை. 2016இல் பரிவின் பங்கு முந்தியது. மனச்சிதைவு பற்றிய செய்திகளில் மட்டும் அந்த மாற்றம் இல்லை.

காரணம், தன்னார்வலரைப் பேட்டிக்கு அனுப்பும் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது என்பேன். செய்தியறைக்கு வேண்டியது விழுந்து எழுந்தவர் கதை. மனச்சோர்விலிருந்து மீண்டு மாரத்தான் ஓடுபவரிடம் அது கிடைக்கும். காதில் விழும் குரல்களோடு இருபது வருஷமாகச் சமைத்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து வாழ்பவரிடம் கிடைக்காது. அவர் கதைக்கு முடிவே இல்லையே! பேட்டி கொடுக்கக் கூடியவர்தான் தன்னார்வலராக வருகிறார். அவர் முகத்தைப் பார்த்து வாசகர் இரங்குகிறார், மற்றவரைக் கண்டு முன்போலவே ஒதுங்குகிறார்.

கூலியும் கிடையாது. காயத்தைத் திறந்து காட்டுபவர் இவர். தலைப்பு வைப்பவர் வேறொருவர். பேசியவருக்குப் பணமும், அச்சுக்குப் போகுமுன் பார்க்கும் உரிமையும் இல்லாதவரை இதைத் தொண்டு என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

2021 மார்ச்சில் நிதி நின்று இயக்கம் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் கொடுத்த பேட்டிகள் அவரவர் பெயரோடு இன்னும் இணையத்தில் இருக்கின்றன.